கீறல் எந்த அடுக்குவரை?

பத்துமலையில் தைப்பூச நெரிசலில் சாலையோரம் நிறுத்திய காருக்குக் கீறல் விழ அதிக நேரம் வேண்டாம். மற்ற நாள்களிலும் புறா எச்சம் உண்டு, குரங்குகள் உண்டு. சேதம் சிறியதுதானே என்று எதுவும் கேட்காமல் காரைப் பட்டறையில் விட்டுவிடுகிறோம். பணம் வீணாவது அங்கேதான். கீறல் எந்த அடுக்குவரை இறங்கியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, செய்யப்போகும் வேலையை எழுத்தில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். பழுதுபார்க்கும் முறையும் செலவும் அந்த அடுக்கைப் பொறுத்தவை. வேலை கெட்டுப்போனால் நமக்குத் துணை நிற்பது அந்த எழுத்து.

தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். நகத்தை ஓட்டிப் பார்த்துச் சிக்காவிட்டால் காயம் பெரும்பாலும் கிளியர் கோட்டோடு நின்றிருக்கும், பாலிஷ் போதும். அதற்கே முழுக் கதவுக்கும் சாயம் அடிக்கச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். பிரைமர் தெரிந்தால் நிறம் பூசியாக வேண்டும். உலோகம் தெரிந்தால் நம் ஈரக்காற்றில் துரு ஏறிவிடும், தள்ளிப்போடக் கூடாது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் காத்திருக்கலாம். புறா எச்சத்தை வெயிலில் காயவிட்டால் கிளியர் கோட்டை அரிக்கும். உலர்ந்ததைத் துணியால் தேய்த்தாலோ அதுவே கீறலாகும். தண்ணீரில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். பூச்சின் வகையும் முக்கியம். சாலிட் நிறத்தில் சிறு புள்ளியைத் தூரிகையால் மறைக்கலாம். மெட்டாலிக்கில் அலுமினியத் துகளும் பேர்லில் மைக்காவும் இருப்பதால், தூரிகையால் பூசும்போது துகள்கள் வேறு கோணத்தில் படிந்து தனித் திட்டாகத் தெரியும். மேட் பூச்சைப் பாலிஷ் செய்தால் அந்த இடம் மட்டும் பளபளத்துவிடும். பழைய நிலைக்குக் கொண்டுவர மறுபடி சாயம் அடிப்பதே வழி.

வெளுத்த பழைய சாயத்தோடு புதியது ஒருபோதும் ஒத்துப்போகாது என்று சில பட்டறைக்காரர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அதனால்தான் தேர்ந்தவர்கள் காரின் சாயக் குறியீட்டை மட்டும் நம்பாமல், பக்கத்துப் பகுதிவரை நிறத்தைப் படிப்படியாகக் கலந்து இறக்குகிறார்கள். அதைச் செய்வாரா, விலையில் அது சேர்ந்ததா என்பதை முன்பே சொல்லாமல், வேலை முடிந்தபின் சாக்காகச் சொல்வது ஏற்க முடியாதது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். ‘நாங்கள் பொறுப்பல்ல’ என்று ரசீதில் அச்சடிப்பதால் இந்த உரிமை போய்விடாது. சரிசெய்யக்கூடிய குறை என்றால் முதலில் அதே பட்டறைக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். மறுத்தால், அல்லது நியாயமான காலத்தில் முடிக்காவிட்டால், வேறிடத்தில் செய்து அந்தச் செலவைக் கேட்கலாம். சில நூறு ரிங்கிட்டுக்காக யார் வழக்குக்கு அலைவது என்று தயங்க வேண்டாம். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். வேலைக்கு முன் எடுத்த படங்களும் எழுத்திலான விலைக் குறிப்பும் ரசீதும் இல்லாமல் போனால், உங்கள் சொல்லுக்கு எதிரே பட்டறைக்காரர் சொல் என்றாகிவிடும்.

காப்புறுதிதான் இருக்கிறதே என்பது அடுத்த எண்ணம். சொந்தச் சேதத்துக்குக் கோரினால், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்காகக் கட்டணத்தில் கிடைக்கும் கோரிக்கையின்மைக் கழிவு பூஜ்யமாகிவிடும். மறுபடி 25 விழுக்காட்டில் தொடங்கி 55-க்கு ஏற ஐந்தாண்டு ஆகும். கழிவுக்கு முந்தைய கட்டணம் 2,000 ரிங்கிட்டாகவே நீடித்தால், 55 விழுக்காட்டில் இருந்தவருக்கு அந்த ஆண்டுகளில் மொத்த இழப்பு ஏறக்குறைய 2,700 ரிங்கிட். கீறல் பழுதுக்கு அதைவிடக் குறைவாகக் கேட்டால் கைக்காசைக் கொடுப்பதே லாபம். ஆனால் இன்னொரு வாகனம் மோதியிருந்தால் கதை வேறு. விரிவான காப்புறுதி உள்ளவர், தவறு எதிராளியுடையது என்றால், கழிவை இழக்காமலேயே தம் நிறுவனத்திடம் கோரும் வழி இருக்கிறது. அதற்கு எதிராளியின் வண்டி எண் வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் வேண்டும். சாலையோரத்தில் வாய்ப்பேச்சாகச் சமாதானமாகிக் கிளம்பிவிட்டவருக்கு அந்த வழி கடினமாகிவிடும்.