திண்ணைக்கு வந்த பட்டப்படிப்பு; சிக்னல் தேடி மலையேறிய மாணவர்கள்

புது தில்லி: அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் இணையவழியில் வழங்கும் பட்டமும், நேரடி வகுப்பில் பெறும் பட்டமும் சமமானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. அந்தச் சமத்துவம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிய, பாலக்காட்டுக் கல்பாத்தியையும் இடுக்கி மாவட்டத்து ராஜமலையையும் பார்த்தால் போதும். இரண்டும் கேரளத்தில் உள்ளன; இரண்டிலும் வாழ்பவர்கள் தமிழர்கள்.

கல்பாத்தி அக்ரஹாரத்துக்குக் கல்வி புதிதல்ல. 1866-ல் பள்ளியாகத் தொடங்கிய விக்டோரியா கல்லூரி பாலக்காட்டிலேயே இருக்கிறது. ஆயினும் உயர் படிப்பும் வேலையும் சென்னை, மும்பை, தில்லி என்று இளைஞர்களை அழைத்துச் சென்றுவிட்டன. நவம்பர் தேர்த் திருவிழாவுக்கு மட்டும் ஊர் வந்துபோகும் குடும்பங்கள் பல. 2015-ல் பாலக்காட்டுக்கே ஐ.ஐ.டி. வந்தது. ஆனால், அதில் பி.டெக். சேர ஜே.இ.இ. தேர்வைத் தாண்டியாக வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்புக்கு அந்தத் தடை இல்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் வென்றால் இடம் உண்டு. வயது வரம்பு கிடையாது. பாடம் வீட்டில்; தேர்வு மட்டும் மையத்தில். இடையில் நிறுத்தினாலும் எட்டிய நிலைக்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமாவோ கைக்கு வரும். திண்ணையில் அமர்ந்தபடியே ஐ.ஐ.டி. மாணவராகலாம் என்பது முந்தைய தலைமுறை கண்டிராத வசதி.

இடுக்கியின் கதை வேறு. தேசிய கண்ணாடி இழைத் திட்டத்தில் இணைக்கப்பட்ட நாட்டின் முதல் மாவட்டம் என்ற பெருமையை அது 2015 ஜனவரியிலேயே பெற்றது. அப்போதைய மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அதைத் தொடக்கி வைத்தார். ஆனால் ஆறே ஆண்டுகளில், கொரோனா காலத்தில், மூணாறு வட்டாரத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் செல்போன் சிக்னலுக்காகக் கிலோமீட்டர் கணக்கில் பயணம் செய்து, ராஜமலைப் பகுதியில் சாலையோரம் அமர்ந்து பாடம் கேட்டனர். கண்ணாடி இழை போய்ச் சேர வேண்டிய இடமாகத் திட்டம் வகுத்தது ஊராட்சி அலுவலகத்தை. லயத்து வீடுகளை அல்ல. 'முதல் மாவட்டம்' என்ற விழாப் பேச்சில் இந்த வேறுபாடு காணாமல் போனது.

இணையம் பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்திருந்தது. விடுதியில் செல்போனுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடர்ந்த வழக்கு அது. மாநில அரசின் கே-ஃபோன் திட்டம் 2023 ஜூனில் தொடங்கியது. இருபது லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் அறிவிக்கப்பட்ட இலக்கு.

இணைப்பு கிடைத்தாலும் மொழி குறுக்கே நிற்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. தோட்டப் பகுதியில் தமிழ்வழியில் படித்த மாணவருக்கு அருகில் இருப்பது மூணாறு அரசுக் கல்லூரி. அங்கே தமிழ்ப் பட்டப்படிப்பும் உண்டு. அதன் கட்டடமோ 2018 ஆகஸ்ட் நிலச்சரிவில் சேதமடைந்தது. இப்படி இடமிழந்த கல்லூரிக்கு மாற்றாக இணைய வகுப்பைக் காட்டுவது அரசுகளுக்குச் செலவில்லாத வழி; ஆய்வகமும் நூலகமும் விடுதியும் அதில் அடங்காது.

ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை 'ஸ்வயம்' தளத்தில் படிக்க, மானியக் குழு 2021-ல் அனுமதித்தது. டிஜிட்டல் பல்கலைக்கழகம் அமைக்கப்படும், பல்வேறு இந்திய மொழிகளில் அது பாடம் நடத்தும் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 2022 பிப்ரவரி 1 அன்று பட்ஜெட் உரையில் கூறினார். அந்த மொழிகளில் தமிழுக்கு எத்தனை பாடங்கள், எந்த ஆண்டுக்குள் என்று அவையில் கேட்க வேண்டியவர்கள் தமிழக உறுப்பினர்கள் மட்டுமல்லர். இடுக்கி, பாலக்காடு தொகுதிகளின் உறுப்பினர்களும்தான்.