நன்னீர் மீன்களை இனங்காண்போம்

காங்கேசன்துறையில் மீன் என்றால் கடல் மீன்தான். பக்கத்திலேயே மயிலிட்டித் துறைமுகம் இருக்கிறது. பாரை, விளை, ஓரா, சூடை, திருக்கை என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளும் பெயர் சொல்லிவிடுவார்கள். ஆனால் மாரி மழைக்கு நிறைந்த குளத்தில் ஒரு மீனைக் கண்டால், "அது குளத்து மீன்" என்பதோடு எங்கள் அறிவு முடிந்துவிடுகிறது. உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் எனக்கு, மீனின் உடலமைப்பைப் படித்த பிறகுதான் இது பெரிய குறையாகத் தோன்றியது. அறிந்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல் நிலம். பெய்யும் மழை கீழே இறங்கிக் கிணறுகளில் ஊறுகிறது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலேரியுடன் சேரும் வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடும். கோடையில் வற்றி, மாரியில் நிறையும் இப்படியான நீரில் எல்லா மீனும் வாழ முடியாது. வாழும் மீன்களின் உடலில் அதற்கான ஏற்பாடு இருக்கும். அதைப் பார்க்கத் தெரிந்தால் மீனை அடையாளம் காண்பதும் இலகுவாகும்.

பெயரை மட்டும் நம்பலாமா?

கெண்டை என்பது தமிழுக்குப் பழக்கமான மீன். கயல் என்று புலவர்கள் கண்ணுக்கு உவமை சொன்னதும், பாண்டியர் கொடியில் இருந்ததும் இந்தக் குடும்பத்து மீன்தான் என்பார்கள். ஆனால் "பனையேறிக் கெண்டை" என்று ஒரு மீன் இருக்கிறது. அது கெண்டைக் குடும்பமே அல்ல. விலாங்கு பாம்பு போல நெளிந்தாலும் பூவும் செட்டையும் உள்ள மீன்தான்.

ஊர் மாறினாலும் பெயர் மாறும். 1990ஆம் ஆண்டு காங்கேசன்துறை மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்களும் தங்கள் ஊர்களை விட்டு வெளியேற நேர்ந்தது. என் பெத்தும்மா "விரால்" என்று சொல்லும் மீனை, அனுராதபுரத்தில் வளர்ந்த என் சாச்சி "லூலா" என்று சிங்களத்தில் சொல்கிறார். இருவர் சொல்வதும் ஒரே மீன் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் மீனைத்தான் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்

முதலாவது வாய். மேல்நோக்கிய வாய் என்றால் மீன் நீரின் மேற்பரப்பில் இரை எடுக்கும். கீழ்நோக்கிய வாய் என்றால் அடியில் மேயும். வாயைச் சுற்றி மீசை இருக்கிறதா, எத்தனை சோடி என்று எண்ண வேண்டும். கலங்கிய நீரில் மீன் மீசையால்தான் தொட்டும் சுவைத்தும் இரை தேடுகிறது.

இரண்டாவது செதில். கெளிறு வகை மீன்களுக்குச் செதில் கிடையாது. வழுவழுப்பான தோல் மட்டுமே உண்டு.

மூன்றாவது செட்டைகள். மார்புச் செட்டையும் இடுப்புச் செட்டையும் சோடியாக இருக்கும். இவை எங்கள் கை கால்களுக்கு ஒப்பானவை. முதுகு, குதம், வால் ஆகியவற்றில் இருப்பவை தனிச் செட்டைகள். அவற்றில் முள் இருக்கிறதா, எத்தனை முள் என்பது மிக முக்கியமான அடையாளம்.

நான்காவது பக்கக்கோடு. உடலின் இரு பக்கமும் புள்ளி புள்ளியாகத் தெரியும் இந்தக் கோட்டில் நுண்துளைகள் உள்ளன. நீரின் அசைவை மீன் இதனால் உணர்கிறது. இந்தக் கோட்டில் உள்ள செதில்களை எண்ணியே ஆய்வாளர்கள் நெருங்கிய இனங்களைப் பிரிக்கிறார்கள்.

ஐந்தாவது பூமூடி. மீன் வாங்கும்போது உம்மா தூக்கிப் பார்க்கும் அதே இடம். சந்தையில் பூ என்று சொல்வதைப் பாடநூலும் பூ என்றே சொல்கிறது. நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் இந்தப் பூக்களின் வழியாகத்தான் குருதிக்குப் போகிறது.

காற்றைச் சுவாசிக்கும் மீன்கள்

குளம் வற்றும்போது நீர் சூடாகி, ஒட்சிசன் குறைந்துவிடும். பூவை மட்டும் நம்பியிருக்கும் மீன் அப்போது இறந்துவிடும். ஆனால் சில மீன்கள் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கின்றன.

விராலின் தலை பாம்பின் தலை போலத் தட்டையானது. முதுகுச் செட்டை தலைக்குப் பின்னால் தொடங்கி வால்வரை நீளும். அதில் முள்ளே இருக்காது. பூவுக்கு மேலே காற்றைச் சுவாசிக்க ஓர் அறை உண்டு. குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாகத் திரியும்போது பெற்றோர் காவல் காக்கும். விராலைப் போலவே தோன்றும் குறவை அளவில் சிறியது. ஐயம் வந்தால் பக்கக்கோட்டுச் செதில்களை எண்ணுங்கள். விராலில் 50 அல்லது அதற்கு மேல் இருக்கும். குறவையில் ஏறக்குறைய 40தான்.

பனையேறிக் கெண்டையின் பூமூடி விளிம்பு அரிவாள் பல்லைப் போல முள்ளாக இருக்கும். அதை நிலத்தில் ஊன்றி, உடலை உந்தி, ஈரத்தரையில் நகர்ந்து அடுத்த நீர்நிலைக்குப் போகும். 1791ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் டால்டோர்ஃப் என்ற டென்மார்க் அதிகாரி, இந்த மீன் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். அது 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. பறவைகள் தூக்கிச் சென்று மரத்தில் விட்டிருக்கலாம் என்று பின்னர் வந்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். தரையில் அது நகரும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

தேளி என்ற மீனுக்குச் செதில் இல்லை, நான்கு சோடி மீசை உண்டு. பூ அறையிலிருந்து வால்பக்கமாக இரண்டு நீண்ட காற்றுப்பைகள் போகும். கெளிறுக்கும் நான்கு சோடி மீசை இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நன்னீர்க் கெளிறின் முதுகில் பின்பக்கமாக முள்ளில்லாத ஒரு கொழுப்புச் செட்டை இருக்கும். தேளியில் அது இல்லை. முதுகுச் செட்டை மிகச் சிறியது, குதச் செட்டை மிக நீளமானது. இந்த வேறுபாட்டை அறிவது பாதுகாப்புக்கும் தேவை. தேளியின் மார்புச் செட்டை முள் நஞ்சுள்ளது. சேற்றில் கைவிட்டு மீன் பிடிக்கும் பிள்ளைகள் கவனமாக இருக்க வேண்டும். குத்தினால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நம்மதும் வந்ததும்

இன்று இலங்கைக் குளங்களில் அதிகம் பிடிபடும் மீன் திலாப்பியா. மொசாம்பிக் திலாப்பியா ஆபிரிக்காவிலிருந்து 1952இல் இங்கே கொண்டுவரப்பட்டது. குறைந்த விலையில் நல்ல புரதம் தருவதால் பல குடும்பங்களுக்கு அது உதவுகிறது. பெண் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காப்பதால் குஞ்சுகள் பெருமளவில் தப்பிவிடும். உவர்நீரிலும் வாழும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த நம் நாட்டு மீன் ஒன்றும் உவர்நீரில் வாழ்கிறது. சிங்களத்தில் கோரலியா என்பார்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்பதற்கு அடையாளம் மூக்கில் இருக்கிறது. பெரும்பாலான மீன்களுக்குப் பக்கத்துக்கு இரண்டு மூக்குத்துளைகள், இவற்றுக்கு ஒன்று மட்டுமே. பிரித்தறிய, மீனைப் புரட்டிக் குதச் செட்டையின் முட்களை எண்ணுங்கள். திலாப்பியாவில் பொதுவாக 3 முட்கள். கோரலியாவில் 12 அல்லது 13. கோரலியாவின் உடல் தட்டுப் போல அகன்று, முத்துப் போன்ற புள்ளிகளோடு இருக்கும்.

கிணற்றில் விடும் மீன்

இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. அதே ஆண்டு டிசம்பரில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. அது கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும் நுளம்பு. ஆகவே குடம்பிகளைத் தின்ன கப்பி மீன்களைக் கிணறுகளில் விடுகிறார்கள். இது பயனுள்ள வேலை. ஆனால் கப்பி தென்னமெரிக்க மீன். கிணற்றில் இருக்கவேண்டியது குளத்துக்குப் போனால் அங்குள்ள சிறு மீன்களுக்குப் போட்டியாகும்.

நுளம்புக் குடம்பியைத் தின்னும் மீன் நம் தாழ்நிலக் குளங்களிலும் உண்டு. சிங்களத்தில் ஹந்தயா எனப்படும் அந்தச் சிறு மீனின் உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு ஒன்று மின்னும். கப்பிக்கு அது கிடையாது. கப்பி குஞ்சு போடும், ஹந்தயா முட்டையிடும். இதை அறியாதவர் கண்ணுக்கு இரண்டும் "சின்ன மீன்"தான். ஒன்று குறைந்து மற்றது பெருகினாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

இலங்கைக்கே உரிய நன்னீர் மீன் இனங்கள் 50க்கும் மேல் உள்ளன. வேறெந்த நாட்டிலும் அவை இல்லை. மறுபக்கம், கண்ணாடித் தொட்டிக்காகக் கொண்டுவந்த கத்தி மீனும் தொட்டி துப்புரவாக்கி மீனும் நம் நீர்நிலைகளில் பரவிவிட்டன. வளர்க்க முடியாமல் இரக்கத்தோடு குளத்தில் விட்ட மீனும் இப்படிப் பரவலாம்.

சகோதரிகளே, பெற்றோர்களே! வீட்டுத் தொட்டி மீனை ஒருபோதும் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள். வேண்டாமென்றால் வாங்கிய கடையில் அல்லது வளர்க்கும் இன்னொருவரிடம் கொடுங்கள். கிணற்றுக்கு மீன் வேண்டுமானால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். மாரியில் குளத்து மீன் ஒன்று கையில் கிடைத்தால் வாய், செதில், செட்டை, பக்கக்கோடு, பூமூடி ஆகிய ஐந்தையும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பிறகு வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் அதன் பெயரைக் கேட்டு, பக்கத்தில் குறித்துவிடுங்கள். அவர்கள் நினைவில் இருக்கும் பெயர்களை எழுதிவைக்க இதுவே நல்ல காலம்.