மதியம் ஆனால் நெட் போகிறதா?

காலையில் ஒழுங்காக ஓடும் வைஃபை, மதியம் இரண்டு மணிவாக்கில் படுத்துவிடுகிறது. அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் வருகிறது, மறுபடி போகிறது. இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரு குறையும் இல்லை. வேலூர், கரூர், திருச்சி மாதிரியான ஊர்களில் மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்குக் கோடையில் இது பழகிப்போன தொல்லை. புகார் கொடுத்தால் ஆள் வருவது மறுநாள் காலையில். அப்போது எல்லா விளக்கும் பச்சையாக எரியும். “லைன் நல்லாத்தானே சார் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்வது உண்மைதான். ரூட்டர் பெட்டிதான் சூடு தாங்காமல் திணறுகிறது.

வீட்டு ரூட்டர்களின் விவரக் குறிப்பில் ‘இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி செல்சியஸ்’ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அது பெட்டியைச் சுற்றியுள்ள காற்றின் சூடு. வேலூரில் 41 டிகிரி என்று வானிலை மையம் சொன்னால், அது நிழலில், காற்றோட்டமான கூண்டுக்குள் வைத்த வெப்பமானியின் கணக்கு. வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளத்துக்கு ஒரு முழம் கீழே, கண்ணாடி போட்ட ஷோகேஸுக்குள், செட்டாப் பாக்ஸின் தலைமேல் இருக்கும் ரூட்டரின் நிலைமை இதைவிட மோசம். 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் என்றால் அதிகபட்சம் 12 வாட் மின்சாரம் உள்ளே போகும். ஏறக்குறைய அவ்வளவும் சூடாகவே வெளியேற வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் விசிறி கிடையாது. துளைகள் வழியே காற்று தானாக ஏறிப் போவது ஒன்றே வழி. தூசு படக்கூடாது என்று அந்தத் துளைகளையும் பூப்போட்ட துணியால் மூடிவைக்கிறோம்.

வெயில் தாழ்ந்த பிறகும் தொல்லை வரும். பகலில் வாங்கிய சூட்டைத் தளம் இரவு எட்டு, ஒன்பது மணி வரை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் எல்லோரும் போனும் டிவியுமாக உட்காருவதும் அப்போதுதான். ‘எல்லாரும் பார்க்கிற நேரம், அதான் ஸ்லோ’ என்று நினைத்து அதிக வேகப் பிளானுக்குப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தெருவே நெட் பார்த்தால் வேகம் குறையும்தான். அதனால் பெட்டி தானாக அணைந்து எரியாது.

சந்தேகம் தீர ஒரு டேபிள் ஃபேன் போதும். ரூட்டரையும் அடாப்டரையும் வெளியே எடுத்து வைத்து, நெட் போகும் நேரம் முழுக்க ஃபேன் காற்று படும்படி விடுங்கள். அன்று நெட் போகாமல் இருந்தால் காரணம் சூடு.

விளக்குகளையும் கவனியுங்கள். ஃபைபர் இணைப்பில், எல்.ஓ.எஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக இருந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். ஃபைபர் மடங்கியோ அறுந்தோ இருக்கலாம், அதற்கு லைன்மேன்தான் வரவேண்டும். விளக்கெல்லாம் சரியாக எரிந்தும் வைஃபை மட்டும் காணாமல் போனால், லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்துப் பாருங்கள். கேபிளில் நெட் ஓடினால் வைஃபை பகுதிதான் தோற்கிறது. எல்லா விளக்கும் ஒரே நொடியில் அணைந்து எரிந்தால் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. அப்போது முதலில் தொட்டுப் பார்க்க வேண்டியது அடாப்டரை.

பலரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். அடாப்டருக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது எலக்ட்ரானிக்ஸ் துறையின் பழைய கணக்கு. வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்தால் அது காய்ந்துபோகும். வோல்டேஜை நிலையாகப் பிடித்துவைக்க முடியாது. நாலு பேர் வீடியோ பார்த்து ரூட்டர் அதிகக் கரண்ட் இழுக்கும் நேரத்தில் வோல்டேஜ் சரியும், பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். சில அடாப்டர்கள் அளவு மீறிச் சூடானால் தாமாக அணைந்து, ஆறியதும் மீண்டும் வேலை செய்யும். கையில் பிடிக்க முடியாத அளவு சுட்டால் மாற்றிவிடுங்கள். புதிதில் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், பின்னின் அளவும் பிளஸ் மைனஸும் பொருந்த வேண்டும். 9 வோல்ட் பெட்டியில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் பெட்டியே போய்விடக்கூடும். பழையதைத் திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும்.

மற்றபடி, தீர்வு இடத்தை மாற்றுவதுதான். பல ரூட்டர்களின் முதுகில் ஆணியில் மாட்டுவதற்கென்றே துளைகள் உண்டு. மேற்கு வெயில் வாங்காத சுவரில், பரணுக்கும் கூரைக்கும் வெகுவாகக் கீழே மாட்டுங்கள். ஃப்ரிட்ஜின் தலை, இன்வெர்ட்டர் பக்கம், மர அலமாரி எல்லாம் வேண்டாம். மின்வெட்டுக்காக வாங்கிய மினி யூ.பி.எஸ்ஸை ரூட்டருக்கு அடியில் அடுக்காதீர்கள். அதன் பேட்டரிக்கும் சூடு ஆகாது. ஈரத்துணி, ஐஸ் பை எதுவும் கூடாது, உள்ளே நீர் கோத்துவிடும்.

இவ்வளவும் செய்து, ஃபேன் காற்றிலும் நெட் நின்றுபோனால் பெட்டிக்கு வயதாகிவிட்டது. பெட்டி கம்பெனி கொடுத்தது என்றால் நீங்கள் திறக்க வேண்டாம், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். பழுது நடக்கும்போதே விளக்குகளையும் சுவர்க் கடிகாரத்தையும் சேர்த்து போனில் வீடியோ எடுத்து வையுங்கள். காலையில் வருகிறவரிடம் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

புதிதாக இணைப்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேபிள் எங்கே எளிதாக எட்டுகிறதோ அங்கே பெட்டியை வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். துளை போடுவதற்கு முன்பே இடத்தை நீங்கள் காட்டுங்கள். ஃபைபர் பத்து மீட்டர் கூடுவதால் வேகம் குறையாது.