காலைக் குளிரில் கார் திணறுகிறதா? பணம் செலவழிக்கும் முன் இதைப் பாருங்கள்

மார்கழி, தை மாதங்களில் நீலகிரியில் உறைபனி விழும். கேரட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில்தான் பழைய பெட்ரோல் வேன் தன் வேலையைக் காட்டும். செல்ஃப் எடுக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் திக்கும், திணறும், சில நேரம் அணைந்தே போகும். பத்து நிமிடம் ஓடிச் சூடேறிவிட்டால் ஒரு குறையும் இருக்காது.

சிக்கலே இங்கேதான். ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் வண்டி சூடாகிவிடுவதால் மெக்கானிக்கின் கண்ணுக்குக் கோளாறு தெரிவதில்லை. பிளக், காயில், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றச் சொல்வார்கள். இலை மஞ்சளானதும் வேரில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் யூரியா போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. மூன்று மூட்டை கேரட் விற்ற காசு ஒரு பாகத்துக்கே போய்விடும்.

பெட்ரோல் திரவமாக எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிர்ந்த என்ஜினில் தெளிக்கப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாயின் உள்சுவரில் துளிகளாக ஒட்டிக்கொள்கிறது. அதை ஈடுகட்டக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் அந்த வேலையைச் சோக் செய்கிறது. இன்ஜெக்டர் வண்டியில் கம்ப்யூட்டர் செய்கிறது. குளிரில் மட்டும் வண்டி திணறினால், அந்தக் கூடுதல் பெட்ரோல் வரவில்லை, அல்லது கணக்கில் இல்லாத காற்று எங்கிருந்தோ உள்ளே புகுகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குங்கள். பானெட்டைத் திறந்து ரப்பர் வேக்குவம் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். வெயிலிலும் சூட்டிலும் விறைத்துப்போன ஹோஸ் குளிரில் சுருங்கி இணைப்பில் இடைவெளி விடும். கொட்டகையில் நிறுத்தும் வண்டியாக இருந்தால் எலி கடித்த இடமும் இருக்கலாம். என்ஜின் ஓடும்போது சீறல் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். இணைப்புகளில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளித்ததும் என்ஜின் சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். மின் இணைப்புகள் மேல் தண்ணீர் படக்கூடாது.

அடுத்து ஸ்பார்க் பிளக். முனை இளம் காப்பி நிறத்தில் இருந்தால் நல்லது. கரிப் பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. மாற்றினாலும் பழைய பிளக்கைத் தூக்கிப் போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மண் பரிசோதனை அறிக்கை போல அது பல விஷயங்களைச் சொல்லும்.

இன்ஜெக்டர் வண்டியில் பலரும் கவனிக்காமல் விடுவது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். என்ஜின் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதுதான். இது பழுதாகி, குளிர்ந்த என்ஜினைச் சூடாக இருப்பதாகச் சொன்னால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். உண்மையிலேயே சூடான பிறகு அந்தப் பொய்யால் பாதிப்பு இல்லை. வண்டி ஒழுங்காக ஓடும். செக் என்ஜின் விளக்கு எரியாமலும் இருக்கலாம். மோட்டார் எலக்ட்ரீஷியனிடம் இருக்கும் மல்டிமீட்டரே இதற்குப் போதும். பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். குளிர்ந்த காலையிலேயே சில நூறு ஓம் காட்டினால் சென்சாரை மாற்றலாம். அதற்கு முன் அதன் இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். துடைத்தாலே சரியாகிவிடுவதும் உண்டு.

கார்புரேட்டர் வண்டி என்றால் சோக் தகடு முழுதாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். மிதித்த உடனே மட்டும் திக்கினால் கார்புரேட்டரில் உள்ள ஆக்சிலேட்டர் பம்ப் வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம்.

இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வருவதால் விவசாயிக்கு அதில் வருமானம் உண்டு. ஆனால் எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் வேண்டும். அதனால் ஏற்கெனவே திணறும் பழைய கார்புரேட்டர் வண்டி குளிரில் இன்னும் கொஞ்சம் அடம்பிடிக்கலாம். மாதக்கணக்கில் டேங்கில் கிடக்கும் பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும்.

காற்று போகும் வழியில் பெட்ரோலை ஊற்றி ஸ்டார்ட் செய்யும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. தீ திருப்பி அடித்தால் முகமும் கையும் வெந்துபோகும். குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிடுவதும் அதே அளவு ஆபத்து. குளிர்ந்த என்ஜின் கார்பன் மோனாக்சைடு வாயுவை அதிகமாக வெளியேற்றும். வாசனை இல்லாத அந்த வாயு, பக்கத்து அறையில் தூங்கும் பிள்ளைகளையும் கட்டியிருக்கும் ஆட்டையும் கொன்றுவிடும். வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தே ஸ்டார்ட் செய்யுங்கள்.

இவ்வளவு பார்த்தும் பிடிபடவில்லை என்றால், முந்தின நாள் மாலையே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வாருங்கள். காலையில் தான் வரும்வரை யாரும் சாவியைத் தொடக்கூடாது என்று மெக்கானிக் சொல்லி வைக்க வேண்டும். ஸ்கேனர் இருந்தால், ஸ்டார்ட் செய்யும் முன் அதில் தெரியும் கூலன்ட் வெப்பமும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.