ரத்தம் கொடுத்த பிள்ளை மறுநாள் ஓடலாமா?

கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி மட்டை இல்லாத தெரு குறைவு. எங்கள் கயத்தாற்றிலிருந்தும் விடிகாலை பஸ்ஸில் மட்டையும் பையுமாகப் பிள்ளைகள் போவதைப் பார்க்கலாம். அங்கே செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கிறது. கோவில்பட்டிப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடிய பிறகு, "எம் மகனும் ஆடுவான்" என்கிற தாய்மார் தொகை கூடிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் இதே பிள்ளைகளைத் தேடி இன்னொரு அழைப்பும் வருகிறது. ஊரில் யாருக்காவது ஆபரேஷன், விபத்து, பிரசவம் என்று ரத்தம் தேவைப்பட்டால், முதலில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது ஓடியாடித் திரியும் இந்தக் காலேஜ் பையன்கள்தான்.

கொடுக்கலாமா, கூடாதா? கோச் ஒன்று சொல்லுவார், வீட்டு ஆச்சி ஒன்று சொல்லுவாள், கேட்டு வந்து நிற்பவர் முகத்தைப் பார்த்தால் நமக்குப் பேச்சே வராது.

சென்ற வருஷம் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு அதிகமாகிவிட்டது. அடுத்த வீட்டுப் பையன், இருபது வயசு, கல்லூரி அணியில் ஆடுகிறவன், ராத்திரியே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். தாயும் சேயும் நலம். ஐந்தாம் நாள் அவனுக்கு மேட்ச். முதல் கால் மணி நேரம் நன்றாகத்தான் ஆடினானாம். மூன்றாவது பகுதியில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அவன் அம்மா என்னிடம் வந்து, "மதினி, போன ரத்தம் போனதுதானா? எம் பிள்ளைக்கு இனி மூச்சு இப்படித்தானா?" என்று கண்கலங்கினாள். ஆறாவது வாரம் அவன் பழையபடி ஓட ஆரம்பித்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

அந்த ஐந்தாம் நாளில் உடம்புக்குள் என்ன நடந்திருக்கும் என்று நாம் தெரிந்துகொள்வது நல்லது. வளர்ந்த ஆணின் உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் ஓடுகிறது; பெண்ணுக்குச் சற்றுக் குறைவு. 45 முதல் 55 கிலோ எடை உள்ளவரிடம் 350 மில்லியும், அதற்கு மேற்பட்டவரிடம் 450 மில்லியும் எடுப்பார்கள். குறைந்ததை உடம்பு முதலில் தண்ணீரால் நிரப்புகிறது. ஒன்றிரண்டு நாளில் அளவு சரியாகிவிடும். குழம்பு வற்றினால் வெந்நீர் ஊற்றி அளவைச் சரிக்கட்டுவோமே, அதுபோல. சட்டி நிறைந்திருக்கும், காரம்தான் குறைந்திருக்கும். இங்கே காரம் என்பது சிவப்பு அணுக்கள். மூச்சில் இழுக்கும் பிராணவாயுவைத் தசைகளுக்குச் சுமந்து போவது அவைதான். குறைவு ஏற்பட்டதும் சிறுநீரகம் ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்பு மஜ்ஜைக்குத் தாக்கீது அனுப்புகிறது. மஜ்ஜை புது அணுக்களைத் தயார் செய்து அனுப்ப, எல்லாம் ஈடாக நாலு முதல் ஆறு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும்.

டென்மார்க்கில் ஆண்களை வைத்து இதை அளந்து பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். ரத்தம் கொடுத்த மூன்றாம் நாள், உடம்பு அதிகபட்சமாகப் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் ஆறு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. பிறகு வாரா வாரம் ஏறி, ஒரு மாதத்துக்குள் ஓட்டத்திறன் திரும்பிவிட்டது. ஆறு சதவீதம் என்பது நமக்குப் பெரிதல்ல. தண்ணீர் பிடிக்கவும் மாவாட்டவும் அது தெரியவே தெரியாது. ஆனால் எதிராளியைவிட ஓரடி முன்னால் பந்தைத் தொட வேண்டிய பிள்ளைக்கு அதுதான் வெற்றி தோல்வி.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. ஸ்வீடனில் பியோர்ன் எக்ப்ளம் என்கிற ஆராய்ச்சியாளர் 1972இல் வெளியிட்ட சோதனையில், ரத்தம் எடுத்ததும் ஓட்டத்திறன் குறைந்தது. சில வாரம் கழித்து அவரவர் அணுக்களையே திருப்பி ஏற்றியதும் பழைய அளவையும் தாண்டிப் போயிற்று. விடுவார்களா? 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க சைக்கிள் வீரர்கள் சிலர் பந்தயத்துக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டார்கள். அப்போது அதற்குத் தடை இல்லை, பிறகுதான் வந்தது. நம் வீட்டுப் பிள்ளை பிறருக்காகக் கொடுப்பதை அவர்கள் தமக்கே ஏற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்!

எல்லா விளையாட்டுக்கும் ஒரே பாதிப்பு இல்லை. குண்டு எறிகிறவர், நூறு மீட்டர் ஓடுகிறவர் அவ்வளவாக உணர மாட்டார்கள். கை பலமும் கால் பலமும் அப்படியேதான் இருக்கும். நெடுந்தூரம் ஓடுகிறவர், சைக்கிள் மிதிக்கிறவர், ஹாக்கியில் நடுக்களத்தில் மேலும் கீழும் ஓடுகிறவர், இவர்களுக்குத்தான் மூச்சு காட்டிக்கொடுக்கும்.

இது பையன்கள் கதை. பெண் பிள்ளைகள் விஷயத்தில் நான் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தடவை ரத்தம் கொடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்புச்சத்து வெளியே போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வதோ ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், மாதங்கள் ஆகும். ஆணின் உடம்பில் ஆயிரம் மில்லிகிராம் வரை சேமிப்பு இருக்கும். பெண்ணுக்கு முந்நூறு இருந்தாலே அதிகம். அதிலும் மாதாமாதம் ஒரு பங்கு போய்விடுகிறது. ஒரே தானத்தில் பானை காலியாகிவிடலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்த சோகை. அப்படியிருக்க, "எம் மகள் ஸ்டேட் லெவல்ல ஓடுறா, அவளுக்கென்ன" என்று நினைப்பது சரியல்ல. ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் ரத்த வங்கியில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த எண் சரியாக இருந்தும் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் என்கிற தனிப் பரிசோதனை. ஓடுகிற பெண்ணுக்கு அதை ஒரு தரம் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

அமெரிக்காவில் 2015இல் வெளியான ஆய்வு ஒன்று கண்ணைத் திறக்கிறது. சேமிப்பு குறைவாக இருந்தவர்களில் ரத்தம் கொடுத்த பிறகு தினமும் இரும்பு மாத்திரை சாப்பிட்டவர்கள், இழந்த ஹீமோகுளோபினில் 80 சதவீதத்தை 32 நாளில் மீட்டார்கள். சாப்பிடாதவர்களுக்கு 158 நாள். ஒரு மாதம் எங்கே, ஐந்து மாதம் எங்கே! மாத்திரையை டாக்டரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இளம் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை பெற்று ஒரு வருஷம் ஆகும்வரையும், பால் கொடுக்கும் காலம் முழுவதும் ரத்தம் கொடுக்கக் கூடாது. கருச்சிதைவு ஆனவர்கள் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களிலும் எடுக்க மாட்டார்கள். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு தரம் கொடுக்கலாம், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. பதினெட்டு நிரம்பாத பள்ளிக்கூடப் பிள்ளை கொடுக்கவே கூடாது, எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும்.

சாப்பாடு என்றதும் எல்லோரும் பீட்ரூட்டையும் மாதுளையையும் நீட்டுவார்கள். நிறம் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது நம் நினைப்புதான். அவற்றில் இரும்பு கொஞ்சமே. நம் கரிசல் காட்டுக் கம்பில் எத்தனையோ மேல். கம்மங்கூழ், கேழ்வரகு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை எல்லாம் சேருங்கள். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சம்பழமோ இருந்தால்தான் அந்த இரும்பு உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் பாதி வீண். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். கறி சாப்பிடுகிற வீடென்றால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் கீரையைவிடச் சீக்கிரம் பலன் தரும். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் (2020இல் புவிசார் குறியீடு பெற்றதாயிற்றே!) பயிற்சிக்குப் பிறகு தின்ன நல்ல பண்டம்தான், ஆனால் அது மட்டும் ரத்தத்தை ஊறவைத்துவிடாது.

கொடுக்கிற நாளில் வெறும் வயிறாகப் போக விடாதீர்கள். முந்தின ராத்திரி நல்ல தூக்கம், போகுமுன் இரண்டு டம்ளர் தண்ணீர். ஊசி குத்திய கையால் அன்று குடம், பளு தூக்க வேண்டாம். அன்றைக்கு மைதானமே வேண்டாம், அதுவும் நம்ம ஊர் சித்திரை வெயிலில். இரண்டொரு நாள் நிறைய மோர், தண்ணீர் குடித்து, பிறகு மெதுவாக ஓடலாம். முழு மூச்சாக ஓடும் பயிற்சிக்கு இரண்டு வாரமாவது பொறுக்கட்டும். முக்கியப் போட்டிக்கு முந்தின ஆறு வாரத்தில் கொடுக்காமல், சீசன் முடிந்த கையோடு கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

அவசரம் என்றால் என்ன செய்வது என்பீர்கள். பணத்துக்கு ரத்தம் விற்பதை 1996இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்ன பிறகு, தானமாகக் கிடைப்பதுதான் ஒரே வழி. ஆனால் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. இன்றைக்கு எடுத்த ரத்தத்தை எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா என்று சோதித்த பிறகே ஏற்றுவார்கள். நோயாளிக்குப் போவது பெரும்பாலும் வங்கியில் ஏற்கெனவே இருப்பிலுள்ள பாட்டில்தான். நம்மிடம் கேட்பது அதற்கு ஈடு. அரிய குரூப்பாக இருந்தாலொழிய, அந்த ஈட்டை எந்த குரூப் ஆளும் கொடுக்கலாம். 65 வயது வரை கொடுக்க இடமுண்டு, முதல் தடவைக்காரர் என்றால் 60 வரை. மேட்ச் இருக்கிற பையனை எழுப்புமுன், டீக்கடை பெஞ்சில் சட்டமாக உட்கார்ந்திருக்கும் சித்தப்பாமாரையும் அண்ணாச்சிமாரையும் ஒரு சத்தம் கூப்பிட்டுப் பாருங்கள். அவர்கள் யாருக்கும் ஐந்தாம் நாள் மேட்ச் கிடையாது.