கட்டுத்தரையில் லட்சுமி, லாரி முகப்பில் முனியப்பன்

சேலம், நாமக்கல் சமவெளியில் கடவுள் பெயர் கோயிலோடும் மனிதரோடும் நிற்பதில்லை. கறவைப் பசு லட்சுமி ஆகிறது, உழவு மாட்டு ஜோடி ராமன், லட்சுமணன் ஆகிறது. லாரியின் நெற்றியில் முனியப்பனும் அங்காளம்மனும் அமர்கிறார்கள். ஓமலூர் போன்ற ஊரில் இதைக் கூடுதலாகவே பார்க்கலாம். பெங்களூரிலிருந்து சேலம் வரும் நெடுஞ்சாலையும் மேட்டூர்ச் சாலையும் கூடும் இந்த ஊரைச் சுற்றிக் கட்டுத்தரை உள்ள தோட்டங்களும் உண்டு, இரவு பகலாக ஓடும் லாரிகளும் உண்டு. ஆனால் எல்லா உயிருக்கும் எல்லாப் பொருளுக்கும் இந்தப் பெயர் கிடைப்பதில்லை. குடும்பத்துக்குச் சோறு போடுவதற்கும் ஆபத்தில் காக்க வேண்டியதற்கும் சாமி பெயர் வைக்கிறார்கள். அறுபடப்போவதற்கும், காலில் மிதிபடுவதற்கும், கிழித்து எறியப்படுவதற்கும் வைப்பதில்லை. எங்கும் எழுதி வைக்காத இந்த வரம்பு மீறப்படும் இடங்களில்தான் சச்சரவு வருகிறது.

மாடும் பெயரும்

மாட்டுக்குப் பெயர் வைப்பதில் பழைய முறை நிறத்தைப் பார்ப்பது. காங்கேயம் மாடுகளை மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்தால் பிரிப்பார்கள். செவலை, கருப்பி, வெள்ளச்சி என்று அந்த நிறமே வீட்டில் கூப்பிடும் பெயராகவும் ஆகிவிடும். கடவுள் பெயர் இதற்கு மேல் ஒரு படி. அது பெரும்பாலும் பசுவுக்கும் கிடேரிக் கன்றுக்கும்தான் கிடைக்கிறது. பசுவின் உடலில் தேவர்கள் எல்லோரும் குடியிருக்கிறார்கள், அதன் பின்புறத்தில் லட்சுமி இருக்கிறாள் என்பது நம்பிக்கை. கோபூஜையில் பசுவின் பின்புறத்துக்கு மஞ்சளும் குங்குமமும் வைப்பதும், புதுமனை புகும்போது பசுவையும் கன்றையும் முதலில் உள்ளே நடத்துவதும் இதனால்தான். எனவே வெள்ளிக்கிழமை பிறந்த கிடேரிக்கு லட்சுமி என்று பெயர் வைக்க யாரும் யோசிப்பதில்லை. காமாட்சி, பார்வதி, கோமதி, நந்தினி ஆகியவையும் வழக்கத்தில் உள்ளவை.

காளைக் கன்றின் கதை வேறு. ஏர் பூட்டிய காலத்தில் அது வீட்டில் தங்கியது, பெயரும் பெற்றது. டிராக்டர் வந்த பிறகு பெரும்பாலும் கன்றாக இருக்கும்போதே விற்கப்படுகிறது. தங்காத மாட்டுக்குப் பெயரும் தங்குவதில்லை.

அரசுப் பதிவில் மாட்டுக்குப் பெயர் கிடையாது. தடுப்பூசிக்கும் காப்பீட்டுக்கும் காதில் மாட்டும் 12 இலக்க எண்தான் அதன் அடையாளம். கட்டுத்தரையில் அந்த எண்ணை யாரும் சொல்வதில்லை. பால் கறக்கும்போதும் தண்ணீர் காட்டும்போதும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். லட்சுமி எட்டி உதைத்தால் திட்டு விழுவது உண்டு. ஆனால் திட்டும்போது பெயரை விட்டுவிட்டு வேறு சொல்லைப் போட்டுக்கொள்வது பல வீடுகளில் பழக்கம்.

லட்சுமியை விற்க நேரும்போது என்ன செய்வது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடிந்ததும் மாடு கைமாறும், கயிறு மாறாது. விற்றவர் பழைய கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். வாங்கியவர் தன் கயிற்றைக் கட்டி ஓட்டிச் செல்வார். கயிற்றையும் சேர்த்துக் கொடுத்தால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது எண்ணம்.

சாமி பெயரும் சாமிக்கு விட்டதும்

ஓமலூருக்கு மேற்கே உள்ள மேச்சேரி, பத்ரகாளியம்மன் கோயிலாலும் ஊர்ப் பெயரையே கொண்ட செம்மறி இனத்தாலும் அறியப்படுவது. கம்பளிக்கு அல்லாமல் இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்க்கப்படும் இந்த இனத்துக்காக அருகிலுள்ள பொட்டனேரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. காளிக்கும் கருப்பனாருக்கும் முனியப்பனுக்கும் நேர்ந்துவிடும் கிடாய்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவற்றைச் சாமிக்கு விட்ட கிடாய் என்பார்கள், முனியப்பன் கிடாய் என்பார்கள். முனியப்பன் என்றே கிடாய்க்குப் பெயரிட்டுக் கூப்பிடுவதில்லை. அறுபடப்போகும் உயிர் சாமிக்கு உரியது, ஆனால் சாமியின் பெயரைத் தாங்குவது அல்ல.

கோயில் காளை இதற்கு நடுவில் நிற்கிறது. ஊரார் சேர்ந்து கோயிலுக்கு விடும் காளையை ஏரில் பூட்டுவதில்லை, அறுப்பதும் இல்லை. பொங்கலை ஒட்டி நடக்கும் எருதாட்டத்தில் முதலில் கோயிலைச் சுற்றி வருவது இந்தக் காளைதான். அது எந்த அம்மனுக்கு விடப்பட்டதோ அந்த அம்மன் பெயராலேயே ஊர் அதைக் குறிப்பிடும். இறந்தால் மாலை போட்டு, மேளம் கொட்டி அடக்கம் செய்யும் ஊர்களும் உண்டு.

கோழிக்குப் பெயரே இல்லை. நாமக்கல் பண்ணைகளில் கோடிக்கணக்கான முட்டைக்கோழிகள் வளர்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியாத கூட்டத்தில் பெயருக்கு வேலை இல்லை. கடவுள் பெயர் அங்கே பண்ணையின் வாசல் பலகைக்குப் போய்விடுகிறது. நாயின் நிலை இன்னும் விசித்திரமானது. அது பைரவரின் வாகனம் என்பதால் தெருநாயைக்கூடப் பைரவர் என்று மரியாதையோடு சொல்பவர்கள் உண்டு. வீட்டில் வளர்க்கும் நாய்க்கோ மணி, ராமு, கருப்பன் என்ற பெயர்கள். ராமுவில் ராமன் இருப்பதையோ, கருப்பனில் காவல் தெய்வம் இருப்பதையோ யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. புழங்கிப் புழங்கிச் சாமி உதிர்ந்து பெயர் மட்டும் நிற்கிறது.

அம்மன் பெயர் தாங்கும் யானைகள்

கடவுள் பெயர் முழு மரியாதையோடு நிற்கும் விலங்கு கோயில் யானை. ஆண் யானைக்கு மதம் பிடிக்கும் என்பதால் தமிழகக் கோயில்களில் இருப்பவை பெரும்பாலும் பெண் யானைகள். எனவே பெயர்களும் பெண் தெய்வங்களின் பெயர்கள். பல ஊர்களில் அந்தக் கோயில் அம்மனின் பெயரே யானைக்கும் வைக்கப்படுகிறது: நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி, சங்கரன்கோவிலில் கோமதி, திருக்கடையூரில் அபிராமி, மயிலாடுதுறையில் அபயாம்பிகை, திருவானைக்காவில் அகிலாண்டேஸ்வரியின் சுருக்கமான அகிலா. ஸ்ரீரங்கத்தில் ஆண்டாள், மதுரையில் பார்வதி, திருச்செந்தூரில் தெய்வானை.

சேலம் சுகவனேஸ்வரர் கோயில் யானையின் பெயர் ராஜேஸ்வரி. நோயுற்று எழ முடியாமல் கிடந்த அதன் வேதனையை முடித்துவைக்க வேண்டும் என்ற கோரிக்கை சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. மருத்துவச் சான்றின் பேரில் கருணைக்கொலைக்கு 2018-இல் நீதிமன்றம் அனுமதி அளித்தது. அது நிறைவேற்றப்படுவதற்கு முன்பே, அந்த ஆண்டு ஏப்ரலில், யானை தானாகவே இறந்தது. புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போது சரிந்து விழுந்து இறந்தபோது ஊரே திரண்டு வழியனுப்பியது. நெல்லை காந்திமதி 2025 ஜனவரியில் இறந்தது.

பெயர் விலங்கின் இயல்பை மாற்றிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. திருச்செந்தூர் தெய்வானை 2024 நவம்பரில் தன் பாகனையும் அவருடைய உறவினர் ஒருவரையும் தாக்கிக் கொன்றது.

எடைக்கல் முதல் லாரி வரை

பொருள்களுக்குக் கடவுள் பெயர் வைப்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. 1010-இல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இதற்குத் தெளிவான ஆதாரம் இருக்கிறது. கோயிலுக்குக் கொடுத்த பொன் ஆடவல்லான் என்ற எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது. நகைகளை நிறுக்கும் கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். நெல் அளந்த மரக்காலும் ஆடவல்லான்தான். ஆடவல்லான் நடராசர். தட்சிணமேரு விடங்கரும் அந்தக் கோயிலின் இறைவனே. அரசனின் பெயரில் ராஜகேசரி மரக்கால் ஏற்கெனவே இருந்தது. ஆடவல்லான் மரக்கால் அதற்குச் சமமானது என்றும் கல்வெட்டு சொல்கிறது. கோயிலுக்கு வருவதைக் கோயில் இறைவனின் பெயர் கொண்ட கல்லால் நிறுத்தால், அதில் கைவைக்க எவருக்கும் துணிவு வராது.

அந்த எடைக்கல்லின் இடத்தில் இன்று லாரி இருக்கிறது. லாரிக்குப் பாடி கட்டும் தொழிலில் நாமக்கல்லும், லாரித் தொழிலில் சங்ககிரியும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளில் திருச்செங்கோடும் நாடறிந்தவை. கடன் வாங்கிப் பாடி கட்டிய வண்டி வெளியே வரும்போது முகப்பில் குலதெய்வத்தின் பெயர் இருக்கும். அங்காளம்மன், செல்லாண்டியம்மன், கருப்பனார், முனியப்பன் ஆகியோர் முன்னே நிற்பார்கள். நாமக்கல்காரர் ஆஞ்சநேயரையும் திருச்செங்கோட்டுக்காரர் அர்த்தநாரீஸ்வரரையும் சேர்த்துக்கொள்வார்கள். முன்பு தூரிகையால் எழுதியதை இப்போது ஸ்டிக்கராக வெட்டி ஒட்டுகிறார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியை நகர்த்துவதும், ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் பூசி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பதும் இந்தப் பெயருக்குச் செய்யும் வருடாந்தர மரியாதை.

இந்தத் தொழிலில் பயத்துக்குக் காரணம் உண்டு. தருமபுரியிலிருந்து ஓமலூர் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாய், சரக்கு லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதிக்கொள்ளும் விபத்துகளுக்குப் பேர்போனது. வெளிமாநிலச் சாலையில் வாரக்கணக்கில் தனியே ஓடும் வண்டிக்கு ஊர்ச்சாமியின் பெயர் ஒரு துணை. வண்டியை விற்றால் வாங்கியவர் முதலில் செய்வது அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்துத் தன் குலதெய்வத்தின் பெயரைப் போடுவது. மாடு விற்றவர் கயிற்றை வைத்துக்கொள்வதும் இதுவும் ஒரே முறைதான்.

தனியார் பேருந்துகளிலும் முருகனும் அம்மனும் ஓடுகிறார்கள். அரசுப் பேருந்து இந்த வழியில் போகவில்லை. 1973-இல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த கழகத்துக்கு அண்ணா பெயர் வைக்கப்பட்டது. மற்றவற்றுக்குச் சேரன், சோழன், பாண்டியன், பல்லவன், கட்டபொம்மன் என்று மன்னர், தலைவர் பெயர்கள். 1997-இல் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரிடப்பட்டதும் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. அதன் பிறகு எல்லாக் கழகங்களின் பெயர்களும் நீக்கப்பட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற பொதுப்பெயர் வந்தது.

மற்ற மதங்களில்

கடற்கரைக் கிறிஸ்தவ மீனவர்களின் படகுகளில் வேளாங்கண்ணி மாதாவும் புனித அந்தோணியாரும் இருக்கிறார்கள். முஸ்லிம்களின் வண்டிகளில் 786 என்ற எண்ணையும் நாகூர் ஆண்டவர் பெயரையும் பார்க்கலாம். ஆனால் இவ்விரு மதத்தாரும் இறைவனின் பெயரை விலங்குக்குச் சூட்டுவதில்லை. மேலைநாடுகளில் நாய்க்கு அப்பல்லோ, ஜீயஸ் என்று பெயர் வைப்பது சாதாரணம். நிலவுப் பயணத் திட்டத்துக்கும் அமெரிக்கா அப்பல்லோ பெயரையே வைத்தது. அந்தக் கடவுள்களுக்கு இன்று தினப்பூசை நடக்கும் கோயில் இல்லை என்பதால் அங்கே யார் மனமும் நோவதில்லை. தமிழ்நாட்டில் முனியப்பனுக்குப் பொங்கல் வைப்பவரும் வண்டிக்கு அவர் பெயரை வைப்பவரும் ஒருவரே.

வரம்பு மீறும் இடங்கள்

பொன்னில் லட்சுமி இருக்கிறாள் என்பதால் தங்கக் கொலுசு போடுவதில்லை. சேலத்துக் கொலுசுப் பட்டறைகள் வெள்ளியில்தான் வேலை செய்கின்றன. இதே உணர்வுதான் சிவகாசி லட்சுமி வெடியையும் சிக்கலுக்கு உள்ளாக்கியது. வெடித்த பிறகு லட்சுமி படம் போட்ட காகிதம் கிழிந்து தெருவில் மிதிபடுகிறது, எனவே படத்தை எடுக்க வேண்டும் என்று இந்து அமைப்புகள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தன. 2020 தீபாவளியின்போது கடவுள் படம் அச்சிட்ட வெடிகளை விற்க மத்தியப் பிரதேச அரசு தடை விதித்தது.

கடைச்சரக்கைப் பொறுத்தவரை 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் ஓர் எல்லை போட்டிருக்கிறது. எந்தப் பிரிவினரின் மத உணர்வையும் புண்படுத்தக்கூடிய குறியைப் பதிவு செய்ய முடியாது என்கிறது அதன் 9-ஆவது பிரிவு. ஊதுபத்திக்கு ராமாயணத்தின் பெயரைத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரைச் சரக்குக்கான குறியாக ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. பெயரைப் பயன்படுத்துவது வேறு, மற்றவர் பயன்படுத்தாமல் தடுப்பது வேறு.

விலங்குப் பெயருக்காக நீதிமன்றம் ஏறிய வழக்கு 2024 பிப்ரவரியில் வந்தது. திரிபுராவின் செபாஹிஜாலா உயிரியல் பூங்காவிலிருந்து மேற்கு வங்கத்தின் சிலிகுரிக்கு ஒரு ஆண் சிங்கமும் ஒரு பெண் சிங்கமும் கொண்டுவரப்பட்டன. ஆணின் பெயர் அக்பர், பெண்ணின் பெயர் சீதா. இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பதை எதிர்த்து விஸ்வ ஹிந்து பரிஷத் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் ஜல்பாய்குரி அமர்வுக்குச் சென்றது. பெயர் வைத்தது திரிபுராதான் என்றது மேற்கு வங்க அரசு. வழிபடப்படும் தெய்வங்களின் பெயரையும் மதிக்கப்படும் மனிதர்களின் பெயரையும் சிங்கத்துக்கு வைப்பது சரியா என்று கேட்ட நீதிபதி, பெயரை மாற்றிச் சர்ச்சையைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தினார். திரிபுராவில் மூத்த வனத்துறை அதிகாரி ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். சிங்கங்களுக்கு சூரஜ், தனயா என்ற புதிய பெயர்கள் முன்மொழியப்பட்டன.

சீதா என்று பெயரிட்ட பசு எந்த ஊர்க் கட்டுத்தரையிலும் நிற்கலாம், அதற்காக யாரும் வழக்குப் போடுவதில்லை. சிலிகுரிச் சிங்கத்துக்குப் பெயர் வைத்தவர் அதைக் கும்பிட்டு வளர்க்கும் வீட்டுக்காரர் அல்லர், அரசின் பூங்கா நிர்வாகம். பக்கத்தில் நின்ற இன்னொரு பெயர் மீதியைச் செய்தது. ஆள்பவரின் கையிலோ வியாபாரியின் கையிலோ போகும்போது கடவுள் பெயர் கேள்விக்கு உள்ளாகிறது. வீட்டுக்காரர் வைக்கும் பெயருக்குச் சட்டம் தேவைப்பட்டதில்லை. எதற்கு வைக்கலாம், எதற்கு வைக்கக்கூடாது என்பதை அவரே அறிந்திருக்கிறார்.