ஆகாயக் காவலரும் அவர்தம் சம்பளமும்

நமது செஞ்சிக் கோட்டையை 1690 முதல் 1698 வரை மொகலாய சைன்யம் முற்றுகையிட்டது. அத்தனை காலம் அது தாக்குப் பிடித்தது மதில்களின் வலிமையால் மட்டுமன்று. ராஜகிரியின் மேல் உறங்காது விழித்திருந்த காவலர்களாலுமாகும். இன்று அந்த மலைகளுக்கு மேலே விமானங்கள் பறக்கின்றன. அவற்றிற்கும் காவலர் உண்டு. சென்னையில் ராடார்த் திரையின் முன் அமர்ந்து, எந்த விமானம் எவ்வளவு உயரத்தில் செல்ல வேண்டுமென்று ஆணையிடும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களே அவர்கள்.

அந்த ஆணை வழுவினால் நேர்வதென்ன? 1996 நவம்பர் 12-ஆம் தேதி ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேல் இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். ஒன்றுக்கு 14,000 அடி, மற்றதற்கு 15,000 அடி என்று கட்டுப்பாட்டாளர் வகுத்திருந்தார். மேலே செல்ல வேண்டியது கீழே இறங்கிவிட்டது. ஆகாயத்தின் மதில் அவ்வளவு மெல்லியது!

இவ்வேலைக்கு நினைத்தவுடன் ஆள் கிடைப்பதில்லை. பௌதிகமும் கணிதமும் பயின்ற பட்டதாரிகளையும் எஞ்சினீயர்களையும் தேர்ந்தெடுத்து, பிரயாகையில் 1948-இல் தோன்றிய கல்லூரி போன்ற இடங்களில் பயிற்றுவிக்கிறார்கள். பின்னர் அனுபவஸ்தர் மேற்பார்வையில் பழகித் தேறிய பிறகே தனித்து ஆணையிட அனுமதி கிடைக்கும்.

ஆளை இழப்பது எளிது, ஆக்குவது அரிது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 1981-இல் வேலைநிறுத்தம் செய்த பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்களை ரீகன் சர்க்கார் நீக்கிற்று. அந்த இடங்களை நிரப்பப் பல ஆண்டுகள் பிடித்தன. அதே தேசம் 2025 மே மாதத்தில் வெகுமதிகளை அறிவித்தது: ஆரம்பப் பயிற்சியில் தேறும் புதியவருக்கு 5,000 டாலர், ஆள் கிடைக்காத 13 நிலையங்களுக்குச் செல்வோருக்கு 10,000 டாலர், ஓய்வு பெறத் தகுதியிருந்தும் 56 வயதுக்குள் வேலையில் நீடிப்போருக்கு ஆண்டுதோறும் அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம்.

நம் தேசத்திலும் விமான நிலைய ஆணையம் தகுதிக்கேற்பத் தனிப் படி அளிக்கிறது. வேலையில் சேர்வோரிடம் பிணைப்பத்திரமும் வாங்குகிறது. ஆயினும் ஆள் பற்றாக்குறையையும் அதனால் விளையும் களைப்பையும் பாராளுமன்றக் குழு 2025 ஆகஸ்டில் எடுத்துக்காட்டி எச்சரித்தது. பத்திரம் ஆளைக் கட்டலாம், ஊக்கத்தைக் கட்டுமா? போதிய சம்பளம், முறையான ஓய்வு, கடினமான நிலையங்களில் பணிபுரிவோருக்குக் கூடுதல் படி ஆகிய மூன்றுமே தேர்ந்தவர்களை நிலைநிறுத்தும்.

நம் ஊர்ப் பள்ளிகளில் கணிதத்திலும் பௌதிகத்திலும் சிறக்கும் பிள்ளைகளுக்கு இப்படியோர் உத்தியோகம் இருப்பதே தெரிவதில்லை. பெற்றோர் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லட்டும். விமான நிலையங்களுக்குக் கோடிக்கணக்கில் செலவிடும் சர்க்காரும், அங்கே விழித்திருப்பவர் விஷயத்தில் சிக்கனம் பாராட்டாதிருக்கட்டும்.